வல்லத்திராக்கோட்டைச் சமோசா

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி நோக்கிப் பேருந்தில் செல்வோர், நகரின் சந்தடி ஓய்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் செம்மண் பூமிக்குள் நுழைந்துவிடுகின்றனர். தைலமரக் காடுகளும் முந்திரித் தோப்புகளும் கடலைக் கொல்லைகளும் மாறி மாறிக் கண்ணுக்குத் தோன்றி மறைகின்றன. நடுநடுவே ஒரு கண்மாய். கோடையாயின் அதன் வயிற்றில் ஆடுகள் மேயும். நல்ல மழை பெய்த ஆண்டாயின் கரை ததும்ப நீர் நிற்கும். இந்தச் சாலையில் அமைந்த ஊர்களுள் ஒன்று வல்லத்திராக்கோட்டை. ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்தது. பெயரில் கோட்டை இருப்பினும், பேருந்தை விட்டு இறங்குபவரை முதலில் வரவேற்பது மதிலும் அன்று, அகழியும் அன்று. தேநீர்க் கடையின் கொதிக்கும் பாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்த பலகாரங்களுமே.

புதுக்கோட்டைச் சீமையின் வரலாறு தனி வரலாறு. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனி அரசாக இருந்து, 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதைத் தவிர, காவிரியின் கருணை இம்மண்ணுக்குப் பெரிதும் கிட்டவில்லை. வானத்தையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பி வாழும் மக்கள். ஆகவே இங்குள்ள ஆடவர் பலர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து செல்வது நெடுநாளைய வழக்கம். சிங்கப்பூர், மலேசியா, அரபு நாடுகள் ஆகிய பெயர்கள் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போலப் பழகியவை.

சென்ற கோடை விடுமுறையில், நான் முன்பு பணியாற்றிய பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைக் காண வல்லத்திராக்கோட்டைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு மாலைப் பொழுதில் கண்டதையும், அது என்னுள் எழுப்பிய எண்ணங்களையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒரு பாட்டியும் மூன்று பேரப்பிள்ளைகளும் சேர்ந்து காய்கறிச் சமோசா செய்தார்கள், அவ்வளவே. ஆயினும் நம் இல்லங்களிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துவரும் ஒன்று அந்த வீட்டு அடுப்படியில் உயிரோடு இருக்கக் கண்டேன்.

பலகாரம் நடந்து வந்த வழி

முதலில் அந்தப் பலகாரத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் கடைவீதிகளில் 'சமுசா' என்றும் 'சம்சா' என்றும் வழங்கும் சமோசா நம் நாட்டில் பிறந்ததன்று. அது பாரசீகத்திலிருந்து வந்தது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாரசீக வரலாற்று ஆசிரியர் பைகாக்கி, அரசவையில் பரிமாறப்பெற்ற பண்டமாக அதனைக் குறிப்பிடுகிறார். 14ஆம் நூற்றாண்டில் உலகைச் சுற்றி வந்த இபன் பதூதா, டில்லியில் முகமது பின் துக்ளக்கின் அரண்மனை விருந்தில் அதனை உண்டதாக எழுதிவைத்துள்ளார். கொத்திய இறைச்சி, வெங்காயம், வாதுமை, பிஸ்தா ஆகியவற்றை மெல்லிய மாவுத் தகட்டில் பொதிந்து நெய்யில் பொரித்தது அது. பின்னாளில் மதுரைக்கும் வந்து சென்றவர் இந்த இபன் பதூதா.

அன்றைய சமோசாவில் உருளைக்கிழங்கு இல்லை; மிளகாயும் இல்லை. இவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தவை. போர்த்துக்கீசியரின் கப்பல் வழி திறந்த பின்னரே நம் நாட்டை அடைந்தன. நம் தமிழகத்து மலைகளில் உருளைக்கிழங்கு வேரூன்றியதோ 1820களில். உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவன் அங்கே பயிரிட்ட அயல்நாட்டுக் காய்கறிகளுள் அதுவும் ஒன்று. ஆக, மன்னர் விருந்தில் இறைச்சியும் வாதுமையுமாக வீற்றிருந்த பண்டம், ஏழைக்கும் எட்டும் கிழங்கையும் பட்டாணியையும் ஏற்றுக்கொண்டு தெருவுக்கு இறங்கி வந்தது.

தமிழ்நாட்டில் பெரிதும் காணப்படுவது வெங்காயச் சமோசா. வடநாட்டாரின் சமோசாவைப் போலப் பருத்த கூம்பாக இராது. தட்டையான முக்கோணமாக இருக்கும். இரண்டு மாவு வட்டங்களுக்கு நடுவே எண்ணெயும் மாவும் தடவி ஒன்றாகத் தேய்த்து, கல்லில் இலேசாக வாட்டி, பிரித்தெடுத்து, பட்டை பட்டையாக வெட்டி மடிப்பார்கள். இரயில் பெட்டியிலும் பேருந்து நிலையத்திலும் திரையரங்கின் இடைவேளையிலும் அதை உண்ணாதவர் நம்மில் யார்? இதே மாவட்டத்தின் கடலோரத்தில், கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களில், இசுலாமிய சகோதரர்களின் நோன்புக் கஞ்சிக்குத் துணையாகவும் அது வருகிறது.

நம் கத்தோலிக்க இல்லங்களுக்கோ இதற்கு ஓர் உறவுக்காரப் பலகாரம் உண்டு. அதுவே சோமாசி. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் அரிசி முறுக்கு, அதிரசம், கலகலா ஆகியவற்றோடு அரைநிலா வடிவில் சோமாசி சுடாத வீடு அந்நாளில் அரிது. உள்ளே தேங்காயும் சர்க்கரையும் பொட்டுக்கடலையும் வைத்துத் தருவது பெரியவர் வேலை. ஓரத்தை மடித்து அழுத்தி ஒட்டுவது பிள்ளைகள் வேலை. வட்டமாக அமர்ந்து நாங்களும் அப்படி ஒட்டியவர்களே. நம் குடும்பங்களில் பிள்ளைகள் அடுப்படிக்குள் உரிமையோடு நுழைந்த நாள்கள் அவை.

அந்த வீடு

நான் சென்ற வீட்டில் பாட்டி, மருமகள், மூன்று பிள்ளைகள். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போவார். மருமகள் அயலாருக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். மூத்தவன் பதின்மூன்று வயதுப் பையன். அடுத்தவள் பத்து வயதுச் சிறுமி. கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அவன் தன் தந்தையை நேரில் கண்டது இரண்டே முறை.

"தோத்திரம் சாமி! இந்த வெயில்ல வந்திருக்கீங்களே, உக்காருங்க" என்று பாட்டி விசிறியை எடுத்து வந்தார். பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தனர். மூத்தவன் கையில் செல்பேசி. மற்ற இருவர் கையிலும் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள். பளபளக்கும் தாளுக்குள் பாதி காற்றும், மீதி உப்பும் காரமுமான வறுவலும் அடைத்து விற்கப்படும் அப்பொட்டலங்கள் இன்று எந்தக் குக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகின்றன.

"நாள் பூரா இப்படித்தான் சாமி. ஆளுக்கு ஒரு பொட்டலம், ஆளுக்கு ஒரு மூலை. ராத்திரி அவங்கப்பன் போன்ல கூப்பிட்டா, சாப்பிட்டியான்னு கேட்பான், சாப்பிட்டேன்னு சொல்லுங்க. படிச்சியான்னு கேட்பான், படிச்சேன்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சுது. பேசுறதுக்கு என்ன இருக்கு?" என்றார் பாட்டி.

அவர் சொன்ன கடைசிச் சொற்களை நான் மறக்கவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? கடல் கடந்த தந்தையரின் குடும்பங்களில் பணம் தவறாது வருகிறது. குரலும் நாள்தோறும் வருகிறது. செல்பேசியில் முகமும் தெரிகிறது. ஆனால் சேர்ந்து செய்த செயல் ஒன்றும் இல்லாதபோது, முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊமையாய் இருக்க நேரிடுகிறது. உள்ளூரிலேயே இருக்கும் தந்தையர் பலருடைய வீட்டிலும் இதே நிலைதான் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். பாட்டி திடீரென்று எழுந்தார். "டேய், அந்தக் கடைச் சமுசா கேட்டு நேத்து அழுதீங்கல்ல? வாங்க, இன்னிக்கு நம்மளே சுடுவோம்" என்றார். கடைக்குட்டி பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். மூத்தவன் மட்டும் செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுப்படியில் நடந்த பாடம்

பாட்டி முதலில் செய்த காரியம் என்னைக் கவர்ந்தது. கோலமாவை எடுத்து, அடுப்பிலிருந்து இரண்டு முழத் தொலைவில் தரையில் ஒரு கோடு இழுத்தார். "கொதிக்கிற எண்ணெய் அப்பாயி பக்கம். கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் உங்க ராச்சியம். தாண்டுனா வேலை நின்னு போகும்" என்றார். அச்சுறுத்தவும் இல்லை, 'நீ சிறு பிள்ளை, போ' என்று விரட்டவும் இல்லை. எல்லையைக் காட்டினார், எல்லைக்குள் முழு உரிமையும் தந்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் படித்த நூல்கள் பல பக்கங்களில் சொன்னதை அந்தக் கோலமாவு ஒரு கோட்டில் சொல்லிவிட்டது.

பிறகு வேலைப் பங்கீடு. கடைக்குட்டிக்குப் பலாக்கொட்டை உரிக்கும் வேலை. பலாக்கொட்டையா என்று வியப்போர் இருக்கலாம். ஆலங்குடிப் பக்கம், குறிப்பாக வடகாடு முதலிய ஊர்கள், பலாவுக்குப் பெயர் பெற்றவை. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கரையேறிய கஜா புயல் இம்மாவட்டத்தின் பலாவையும் தென்னையையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அந்த வீட்டுக் கொல்லைப் பலாவும் அன்று விழுந்ததுதான். எனினும் உறவினர் தோப்பில் தப்பி நின்ற மரத்தின் பழம் ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. சுளையை உண்டபின் கொட்டையைக் கழுவி உலர்த்திச் சேர்த்து வைத்திருந்தார் பாட்டி. "உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையத்துலேருந்து லாரி ஏறி வரணும். இது நம்ம மண்ணுல கிடக்கு" என்பது அவர் வாதம். வெந்து மசித்த பலாக்கொட்டை கிழங்கைப் போலவே மாவாக இருக்கும். சற்றே கடலையின் மணமும் கூடும். ஒட்டுவதற்காக இரண்டே இரண்டு கிழங்கு சேர்த்தார்.

சிறுமிக்கு மாவு வேலை. அளவு கேட்கும் தாய்மாருக்காகச் சொல்கிறேன். கால் கிலோ மைதா; விரும்பினால் அதில் பாதியைக் கோதுமை மாவாக வைத்துக்கொள்ளலாம். அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி ஓமம், மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய். தண்ணீர் ஊற்றும் முன்பே எண்ணெயை மாவில் விட்டு, இரு உள்ளங்கைகளாலும் தேய்த்துத் தேய்த்துக் கலக்க வேண்டும். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். விட்டால் உதிர வேண்டும். "ஏன் அப்பாயி, தண்ணி ஊத்துனா சீக்கிரம் ஆகாதா?" என்று சிறுமி கேட்டாள். "ஊத்திப் பாரு, செருப்புத் தோல் மாதிரி வரும்" என்றார் பாட்டி. விஞ்ஞானமும் அதையே கூறுகிறது. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதன் புரதம் நீண்ட இழைகளாகப் பின்னி இழுவைத் தன்மை பெறுகிறது. எண்ணெய் முதலில் மாவைப் பூசிக்கொண்டால் அந்த இழைகள் நீள முடிவதில்லை; பொரித்தபின் மேல்தோல் மொறுமொறுவென்று உதிர்கிறது. பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். இந்த ஓய்வில் மாவின் இழைகள் தளர்கின்றன, தேய்க்கும்போது சுருங்கிக்கொள்வதில்லை.

மாவு ஓய்வெடுத்த நேரத்தில் பூரணம் தயாராயிற்று. இருபது பலாக்கொட்டை, இரண்டு கிழங்கு, ஒரு வாழைக்காய், ஒரு காரட், வேகவைத்த தட்டைப்பயறு ஒரு கைப்பிடி. அரிவாள்மணையில் அமர்ந்து மருமகள் வெங்காயமும் பச்சை மிளகாயும் இஞ்சியும் அரிந்து கொடுத்தார். தாளித்து வதக்கி, மஞ்சளும் மிளகாய்த் தூளும் சிறிது கரம் மசாலாவும் சேர்த்து, காய்களைப் போட்டுக் கிளறி, மல்லித்தழை தூவி, எலுமிச்சைச் சாறு பிழிந்து இறக்கினார்கள். பூரணத்தில் ஈரம் நிற்கக் கூடாது. நன்றாக ஆறவும் வேண்டும். ஈரமோ சூடோ இருந்தால் எண்ணெயில் போட்டதும் ஆவி கிளம்பித் தோலைக் கிழித்துவிடும். தட்டில் பரப்பிய பூரணத்துக்குக் கடைக்குட்டி விசிறியால் வீசினான். எனக்கு வீசவென்று எடுத்து வந்த அதே விசிறி!

வீட்டில் காரட்டையும் வாழைக்காயையும் தொட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளையாம் அவன். தான் விசிறி ஆற்றிய பூரணத்தில் ஒரு விரலளவு எடுத்து வாயில் வைத்துப் பார்த்தான். பிறகு இன்னும் ஒரு விரல். யாரும் அவனை உண்ணச் சொல்லவில்லை.

ஆண்பிள்ளைக்கு என்ன வேலை?

மாவைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கித் தேய்க்கும் கட்டம் வந்தது. சிறுமியின் கை வலித்தது. அப்போதுதான் மூத்தவன் வந்து சப்பாத்திக் கட்டையை வாங்கிக்கொண்டான். அவ்வேளையில் திண்ணையில் வந்து அமர்ந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை?" என்று சிரித்தார். பையன் முகம் சுருங்கியது. கட்டையைக் கீழே வைக்கப் போனான்.

பாட்டி திரும்பாமலே விடை சொன்னார்: "இவங்கப்பனுக்குச் சிங்கப்பூர்ல யாரு மாமா பொங்கிப் போடுறா? பத்து மணி நேரம் வேலை பாத்துட்டு வந்து அவனேதான் பொங்கித் தின்னுறான். அந்தக் கை இங்க பழகுன கை."

திண்ணையில் சிரிப்பு அடங்கிற்று. பையன் கட்டையை மீண்டும் எடுத்தான்.

தேய்த்த ஒவ்வொரு வட்டத்தையும் நடுவே வெட்டினால் இரண்டு அரைவட்டங்கள். அரைவட்டத்தின் நேர் ஓரத்தில் தண்ணீர் தொட்டு, இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டினால் கூம்பு. அதற்குள் முக்கால் பங்கு பூரணம். மேல் வாயையும் தண்ணீர் தொட்டு அழுத்தி மூட வேண்டும். ஆக இருபத்து நான்கு சமோசா. சொல்வது எளிது. முதல் கூம்பு அடியில் ஓட்டையாயிற்று. இரண்டாவது ஆசைப்பட்டு அதிகம் திணித்ததால் வெடித்தது. மூன்றாவது எந்த வடிவத்திலும் சேராமல் ஒரு நத்தையைப் போல இருந்தது. பாட்டி எதையும் பறித்துத் திருத்தவில்லை. தானும் ஒன்றை எடுத்து அவர்கள் கண்ணெதிரே மெதுவாக மடித்தார். ஆறாவது சமோசாவுக்குள் மூத்தவனின் விரல்கள் வழியைக் கண்டுகொண்டன. பத்தாவதிலிருந்து அவனே தங்கைக்குக் கற்றுக் கொடுத்தான்.

மடித்துக்கொண்டே பாட்டி ஒரு பழைய கதை சொன்னார். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராயிருந்த காலம். எழுத்தறியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் மாலை வகுப்புகளில் எழுத்துக் கற்றார்கள். அதோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். வயலுக்கும் கல்லுடைக்கும் இடத்துக்கும் பெண்கள் மிதிவண்டியில் சென்ற காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அன்று இந்தப் பாட்டிக்கு முப்பது வயது. "பின்னால சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தது யாரு தெரியுமா? உங்கப்பன்தான். ஒன்பது வயசு. நான் விழுந்தா அவனும் விழுவான். பிடிச்சிருக்கேன் ஆத்தா, பிடிச்சிருக்கேன் ஆத்தான்னு கத்திக்கிட்டே ஒரு நாள் கையை விட்டுட்டான். நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம் தந்தை ஒன்பது வயதுப் பையனாக இருந்ததுண்டு என்ற செய்தியே அவர்களுக்குப் புதிது. மாவு படிந்த கைகள் வேலையில் இருந்ததால் வாய்க்குக் கதை வந்தது. 'உட்கார், கதை சொல்கிறேன்' என்று அழைத்திருந்தால் அன்று யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

பொரிக்கும் வேலை முழுவதும் பாட்டியுடையது. எண்ணெய் புகையக் காயக் கூடாது; மிதமான சூட்டில் போட்டு, சிறு தீயில் நிதானமாக வேகவிட வேண்டும். அதிகச் சூட்டில் போட்டால் மேல்தோல் கொப்புளித்துச் சிவந்துவிடும், உள்மாவு வேகாது. சூடே இல்லாவிட்டால் எண்ணெயைக் குடித்துவிடும். எண்ணெயின் சலசலப்பு அடங்கும்போது மாவின் ஈரம் வெளியேறிவிட்டது என்று பொருள். பொன்னிறம் கண்டதும் அரிகரண்டியால் எடுத்து வடியவிட்டார். மிச்ச எண்ணெயை மீண்டும் மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தாமல் இருப்பது நலம். கடைகளில் கறுத்த எண்ணெய் பயன்படுவதைத் தடுக்க 2018 சூலை முதல் அரசு ஓர் அளவே விதித்துள்ளது. வீட்டில் அந்த அளவை விதிக்க வேண்டியவர் தாயே.

முதல் தட்டு நிறைந்தபோது மணி ஐந்தரை. சிங்கப்பூரில் எட்டு. வழக்கமான அழைப்பு வந்தது. வழக்கமான வினாவும் வந்தது: "சாப்பிட்டியா?" அன்று விடை ஒரே சொல்லில் முடியவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைக்குட்டி தன் நத்தைச் சமோசாவைத் திரையில் ஒட்டிக் காட்டினான். தந்தை அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஓரத்துல தண்ணி தொட்டியா? தொடாம அமுக்கினா அப்படித்தான் திறந்துக்கும். சோமாசி சுடும்போது அப்பாயிகிட்ட நான் வாங்காத திட்டா!" என்றார். மூத்தவன், "சைக்கிளை ஏம்ப்பா விட்டீங்க?" என்று கேட்டான். அப்புறம் அந்தக் கதை மறுமுனையிலிருந்து வேறு விதமாக வந்தது. அழைப்பு முடிய அரை மணி ஆயிற்று. மருமகள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓர் உருபின் வேறுபாடு

இங்கே ஒரு காட்சியை எதிரே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தின் பேருந்து நிலையத்தில், இரவு பத்து மணியளவில், சமோசாத் தட்டைத் தலையில் ஏந்திப் பேருந்துக்குப் பேருந்து ஏறி இறங்கிய ஒரு சிறுவனைக் கண்டேன். வயது பன்னிரண்டுக்கு மேல் இராது. புறங்கையில் எண்ணெய் தெறித்த வடு. அவனும் சமோசா செய்யத் தெரிந்தவன்தான். மிகவும் நேர்த்தியாக, மிகவும் விரைவாகச் செய்யத் தெரிந்தவன். ஆனால் அவனுடைய கைத்திறன் அவனை வளர்க்கவில்லை, தேய்த்தது.

1986ஆம் ஆண்டிலேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 10 முதல் தேநீர்க் கடைகளிலும் உணவகங்களிலும் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது தடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வயதினருக்கு எல்லாத் தொழில்களையும் மூடிவிட்டது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத வகையில் தன் குடும்பத்துக்கு உதவுவதை அது விலக்கி வைத்தது. சட்டம் எழுதியவர்கள் ஒரு நுட்பமான கோட்டை வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. குடும்ப உதவி என்ற பெயரிலேயே பிள்ளையின் படிப்பையும் விளையாட்டையும் உறக்கத்தையும் பறிக்கும் வீடுகளும் உண்டு அன்றோ?

நன்னூல் பயின்றோர் நினைவுகூரலாம். மூன்றாம் வேற்றுமைக்கு 'ஆல்' என்ற உருபும் 'ஓடு' என்ற உருபும் உண்டு. 'ஆல்' கருவியைக் காட்டும். 'ஓடு' உடனிகழ்ச்சியைக் காட்டும். பேருந்து நிலையச் சமோசா பிள்ளையால் செய்யப்பட்டது; அங்கே பிள்ளை ஒரு கருவி. வல்லத்திராக்கோட்டைச் சமோசா பிள்ளைகளோடு செய்யப்பட்டது. வேற்றுமை ஒன்றே, உருபு மட்டும் வேறு. அந்த உருபில் ஒரு பிள்ளையின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

இனி நான்காம் வேற்றுமையும் ஒன்று உண்டு. 'கு' என்பது அதன் உருபு. கொடுத்தல் அதன் முதற்பொருள். இன்றைய பெற்றோர் பெரும்பாலோர் நிற்பது இங்கேதான். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கிறோம். பிள்ளைகளுக்காகக் கடல் கடந்தும் உழைக்கிறோம். இது அன்பன்று என்று யார் சொல்வர்? ஆயினும் கொடுப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் ஒரு பக்கமும் நிற்கும் உறவு அது. ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. பெற்றவர் கொடுத்துக்கொண்டே இருந்து, பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருந்து, ஒருநாள் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது பேசுவதற்கும் ஒன்றும் இல்லாமற் போகிறது.

கடல் கடந்த தந்தை அன்று மாலை அடுப்படியில் இல்லை. எனினும் அவரும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார். ஏனெனில் முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் தம் தாயோடு செய்த வேலை அது. ஓரத்தில் தண்ணீர் தொடும் செய்தி ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கை மாறியது.

பெற்றோரே, இதற்குச் சமோசாதான் வேண்டும் என்பதில்லை. கொழுக்கட்டை பிடிக்கலாம், இடியாப்பம் பிழியலாம், முருங்கைக்கீரை ஆயலாம். பெண்பிள்ளையை மட்டும் அழைத்து ஆண்பிள்ளையை விளையாட அனுப்பிவிடாதீர்கள். கத்தியும் நெருப்பும் உங்கள் பக்கம் இருக்கட்டும். கோட்டைத் தெளிவாக வரையுங்கள். படிப்பு நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் பறிக்காதீர்கள். விடுமுறை நாளின் ஒரு மாலைப் பொழுது போதும். வேலை இருமடங்கு நேரம் எடுக்கும், மாவு தரையெங்கும் சிந்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் பெருக்குவதும் அவர்களோடுதான்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். முதல் நாள் செய்பவற்றுள் சில வெடிக்கும், சில நத்தையைப் போல இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு நல்லவற்றை மட்டும் விருந்தினர் தட்டில் அடுக்காதீர்கள். அன்று எனக்கு வைத்த தட்டில் மூன்று சமோசா இருந்தன. அவற்றுள் இரண்டு கோணல். கோணலானவையே முதலில் தீர்ந்தன.